காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆறு அறைகள்

முதல் நாள், ஆடி 16

சிதம்பரம் தாண்டி ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பினேன். "பாரும்மா, இங்கேர்ந்து தீவு ஆரம்பிக்குது." அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி மணல், நடுவில் ஒரு நீர்த்தடம், ஓரமாக நாணல். "எங்க ஊரு பாலாறு மாதிரியேதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

தீவு என்று நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டுச் சுற்றிவந்து, கல்லணை பக்கத்தில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கி, திரும்பவும் விலகிவிடுகின்றன. அதற்குக் கிழக்கே திருவையாறு, திருப்பனந்தாள், சீர்காழி என்று நீண்டு கிடக்கும் நிலத்துக்கு வடக்கே ஒரு ஆறு, தெற்கே ஒரு ஆறு, கிழக்கே கடல். ரயில் மயிலாடுதுறைக்குச் சற்று முன்னால் காவிரியைத் தாண்டியதும் தீவிலிருந்து வெளியே வந்துவிட்டோம். கும்பகோணத்தில் இறங்கி, கார் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி மறுபடி அதற்குள் நுழைந்தோம்.

அந்தப் பாலத்தில் அம்மா டிரைவரின் தோளைத் தொட்டு, "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள். கீழே செங்காவி நிறத்தில் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் அம்மா ஆம்பூர் பக்கம் பிறந்தவள். அவளுக்கு ஆறு என்றால் மணல். மாடு ஓட்டிக்கொண்டு நடந்து கடக்கிற இடம், ஊற்று தோண்டித் தண்ணீர் மொள்கிற இடம். எழுபத்திரண்டு வயதில், ஓடுகிற ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்க்கிறாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் தம்பி அவசரப்படவில்லை.

நான் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருஷமாக ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன். 180 அறைகள். எங்களில் ஒருவருக்கு ஒரு ஷிஃப்டில் பதினான்கு அறை விழும். அடுத்தவர் தூங்குவதற்குப் படுக்கை விரிப்பதே என் தொழில். அதனால் எங்கே போய்த் தங்கினாலும் முதலில் கட்டிலின் மூலையைத்தான் பார்ப்பேன். போன வருஷம் சீட்டுப் பணம் வந்தபோது அம்மாவை அந்தமானில் ஒரு தீவு விடுதிக்கு அழைத்துப் போனேன். கடல் அழகு, மணல் அழகு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எங்கள் குடிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும். அம்மா ராத்திரி மாத்திரைக்கு வெந்நீர் கேட்டால் தினமும் வேறொருவர் வருவார், தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அவள் பச்சைத் தண்ணீரிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அது இன்னும் என் மனசில் உறுத்துகிறது. பெரிய ஹோட்டலில் வேலை செய்கிற எனக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும், அங்கே யார் மேலும் தப்பில்லை என்றும் தெரியும். அதனாலேயே இந்தத் தடவை சின்ன இடமாகத் தேடினேன்.

திருப்பனந்தாள் போகிற வழியில், காவிரியின் வடகரையில், ஒரு பழைய மிராசுதார் வீடு. மொத்தம் ஆறே அறைகள். போர்டு இல்லை, வரவேற்பு மேஜை இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, "வாங்கம்மா, ரயில்ல கூட்டமா?" என்று கேட்டு அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். அவர்தான் உரிமையாளர் என்று ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரிந்தது. ஆதார் கார்டு, கையெழுத்து எல்லாம் காப்பிக்கு அப்புறம்.

கட்டில் மூலையைப் பார்த்தேன். ஷீட், தபால் உறையின் ஓரம் மாதிரி நாற்பத்தைந்து டிகிரியில் மடிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ! துணியில் வெயில் வாசனை.

ராத்திரி ஒன்பதரைக்குக் கதவு தட்டும் சத்தம். சமையற்கட்டு அக்கா ஒரு சொம்பில் வெந்நீரோடு நின்றார். "பெரியம்மா மாத்திரை போடுவாங்கன்னு சாப்பிடறப்ப பேசிக்கிட்டீங்களே." நான் கேட்கவே இல்லை.


இரண்டாம் நாள், ஆடி 17

விடிகாலை நாலரைக்கே விழித்துவிட்டேன். வேலைப் பழக்கம். அறைக்கு வெளியே தாழ்வாரம், அதை அடுத்து முற்றம். வானம் அந்தச் சதுரத்துக்குள் கறுப்பிலிருந்து சாம்பலாக மாறுவதைத் தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். தெருவில் திண்ணை, பிறகு ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை, அதன் கடைசியில் படித்துறை. தெருவில் நின்று பார்த்தால் எல்லா வாசலும் ஒரே கோட்டில், கடைசிச் சதுரத்தில் ஆற்று வெளிச்சம். வீட்டின் சூடு முற்றம் வழியாக மேலே ஏறிப் போகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆற்றங்கரைக் காற்று கொல்லை வழியாக உள்ளே வருகிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனபோதுதான் இதன் அருமை தெரிந்தது. ஏ.சி. நின்றது எங்களுக்குக் கஷ்டமாகவே இல்லை, கூடத்தில் பாயை விரித்துப் படுத்தோம்.

உரிமையாளர் முன்பு கொழும்பில் கட்டட வேலையில் இருந்தவர். அங்கே ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞரின் பெயரைக் கேள்விப்பட்டு, பெந்தோட்டை பக்கம் அவருடைய லுனுகங்கா தோட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். பாவா 1948-ல் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, 2003-ல் சாகும்வரை அதையே இழைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதில் சில அறைகளில் விருந்தினர்கள் தங்கலாம். வெப்பத் தீவுகளில் இப்போது கட்டுகிற சின்னச் சின்ன விடுதிகளில் பார்க்கிற திறந்த முற்றம், ஆழமான தாழ்வாரம், உள்ளுக்குள்ளேயே மரம், இதையெல்லாம் உலகம் கவனிக்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். "அங்க நின்னு பார்க்கிறேன், எங்க தாத்தா வீடு ஞாபகம் வந்துடுச்சு. இங்க பூட்டிப் போட்டு ஓடு சரிஞ்சுக்கிட்டிருந்துது" என்றார். வேலையை விட்டு வந்து, நாலு வருஷம் எடுத்து, இந்த வீட்டை நிமிர்த்தியிருக்கிறார். புதிதாகச் சேர்த்தது குளியலறைகள் மட்டும். நிலைப்படிகள் உயரமாக இருந்ததால் அம்மா சிரமப்பட்டாள். சாயங்காலத்துக்குள் எங்கள் அறை வாசலில் இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை போட்டுவிட்டார்கள். எங்கள் ஹோட்டலில் இதற்கு மூன்று கையெழுத்து வாங்க வேண்டும்.

காலையில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய், சோம்பு, கசகசா அரைத்த குழம்பு. கும்பகோணத்துக்கு வெளியே இதை நான் எங்குமே சரியாகச் சாப்பிட்டதில்லை. அம்மாவுக்கு முதல் தடவை. இரண்டு இட்லிக்காரி நாலு சாப்பிட்டாள். மத்தியானம் பூங்கார் அரிசிச் சோறு, வாழைத்தண்டுக் கூட்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பினாரே, அந்த வரிசையில் பூங்காரும் உண்டு. சிவப்பரிசி தொண்டையில் சொரசொரக்கும் என்று பயந்தேன். வடிக்கிற பதம் தெரிந்த கை, பூவாக இருந்தது.

வாடகை குறைவு என்று சொல்ல மாட்டேன். சென்னையில் ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கொடுப்பதைத்தான் இங்கேயும் கொடுக்கிறோம். ஆனால் நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆறு அறைக்கு ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், ஐந்து பேரும் இதே கரைக்காரர்கள், வருஷம் முழுக்கச் சம்பளம். மார்கழியில் நிறைந்திருக்கும் அறைகள் சித்திரை வெயிலில் காலியாகக் கிடக்கும்போதும் அந்தச் சம்பளம் நிற்பதில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்க முடிகிறது, சொம்பு வெந்நீராக, வாசல் பலகையாக.

பத்து மணிக்கு ஆட்டோவில் திருப்புறம்பயம். சாட்சிநாதர் கோயில், தேவாரம் பாடப்பெற்ற தலம். ஊழி வெள்ளம் வந்தபோது இந்த ஊர் அதற்குப் புறம்பாக நின்றது என்பது தலபுராணம், ஊர்ப் பெயருக்கே அந்த அர்த்தம் சொல்கிறார்கள். வெள்ளத்தைத் தடுத்தவர் பிரளயம் காத்த விநாயகர். கடல்நுரை, கிளிஞ்சல், சங்கு இவற்றால் ஆன மேனி என்கிறார்கள். இவருக்கு விநாயகர் சதுர்த்தி ராத்திரி மட்டும் அபிஷேகம், அதுவும் தேனில் மட்டும். ஊற்றுகிற தேன் எல்லாம் உள்ளே போய்விடுமாம். இரண்டு ஆறு புரண்டு வருகிற ஊரில் பிள்ளையாருக்கு வேறென்ன வேலை இருக்க முடியும்! இதே மண்ணில்தான் 880 வாக்கில் பல்லவர், சோழர், கங்கர் ஒரு பக்கமும் பாண்டியர் ஒரு பக்கமுமாக நடந்த போர் சோழர்களைத் தூக்கி நிறுத்தியது. இப்போது சுற்றிலும் குறுவைப் பயிர் முழங்கால் உயரம்.

சாயங்காலம் அணைக்கரை. இதற்காகத்தான் நான் ஆட்டோக்காரரை முழு நாளுக்குப் பேசியிருந்தேன். 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை இது. கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்களையே உடைத்து எடுத்துவந்து இதில் அடுக்கினார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது. இங்கே தேங்குகிற தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தகன் மகன் இராசாதித்தன் வெட்டிய ஏரி. அங்கேயிருந்து 2004 முதல் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கு.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுக் குழாயில வர்றது இதுவா?"

"இதுவுந்தாம்மா."

மதகுச் சத்தத்தில் அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ ஓட்டல்ல தொவைக்கிற துணியெல்லாம்?" என்றாள். ஒரு நாளைக்கு எங்கள் லாண்டரியில் எத்தனை ஷீட் உருள்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை.


மூன்றாம் நாள், ஆடி 18

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது.

மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நாள் போல ஆகும், அங்கேயிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரித்து விடுகிறார்கள். தண்ணீர் கடைமடை வரைக்கும் போய்ச் சேர்ந்து, வயல் குளிர்ந்து, ஆறு நுங்கும் நுரையுமாக ஓடுகிற சமயத்தில் பதினெட்டாம் பெருக்கு வருகிறது. காவிரிக்கு மசக்கை என்பார்கள். புளிப்பும் இனிப்புமாகக் கேட்கிறாளாம். அதனால்தான் புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. நான் வேலைக்காரி, சும்மா உட்கார முடியாது என்று சொல்லித் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டேன். யாரும் "நீங்க கெஸ்ட்" என்று தடுக்கவில்லை. துருவியதைப் பார்த்து அக்கா, "ஓடு சேராம துருவுறீங்க, பரவாயில்லையே" என்றார். எங்கள் ஹோட்டலில் கிடைத்த எந்தச் சான்றிதழையும் விட இது எனக்கு இனித்தது.

மற்ற அறைகளில் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி, மதுரையிலிருந்து ரிடையர் ஆன இரண்டு டீச்சர்கள், பிரான்ஸிலிருந்து ஒரு தம்பதி. எல்லோரும் ஏழு மணிக்குக் கொல்லை வழியாகப் படித்துறைக்கு இறங்கினோம். தண்ணீர் வேகம் அதிகம் என்பதால் கடைசி மூன்று படிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். தெருவே அங்கே வந்துவிட்டது. வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை, கருகமணி, வளையல், காப்பரிசி, நாவல்பழம், பேரிக்காய், விளாம்பழம். பையன்கள் சின்னச் சப்பரத்தைத் தெருவில் கடகடவென்று இழுத்து ஓடினார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் பத்திரப்படுத்தி வைத்திருந்த மணமாலையை ஆற்றில் விட்டாள். காய்ந்த மாலை முதலில் சுழலில் நின்றது, பிறகு ஒரே இழுப்பில் போய்விட்டது.

பூஜை முடிந்து மஞ்சள் கயிறு கொடுக்கத் தொடங்கினார்கள். பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அம்மா மேல்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா போய் பதினோரு வருஷம் ஆகிறது. இந்த மாதிரி இடங்களில் பின்னால் நகர்ந்து நிற்பது அவள் உடம்பே கற்றுக்கொண்ட ஒன்று, நான் எத்தனை சண்டை போட்டும் மாற்ற முடியவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவள் இன்னும் கூசியிருப்பாள்.

அக்கா தட்டோடு படியேறி வந்தார். ஈரக் கயிற்றை எடுத்தார். அம்மாவின் வலது மணிக்கட்டைத் திருப்பி, மூன்று முடிச்சுப் போட்டு, காப்பரிசியை உள்ளங்கையில் வைத்து மூடினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த படிக்குப் போய்விட்டார். அம்மா மணிக்கட்டைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். பிறகு தானாகவே ஒவ்வொரு படியாக இறங்கி, கயிறு கட்டிய இடம் வரைக்கும் போய், குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். மூன்று தரம். புடவையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

படியிலேயே எல்லோருக்கும் இலையில் சாப்பாடு. பிரான்ஸ்காரர்கள் புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் தைக்கால் ஊர்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை. இங்கே செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் கூட அறையில் இல்லை. நீச்சல் குளம் இல்லை, டிவி இல்லை. மாலை ஆறு மணிக்குக் கொசு வரும், சாம்பிராணி போட்டார்கள், அப்படியும் கடித்தது. செல்போன் சிக்னல் திண்ணையில் மட்டும்தான். வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.


நான்காம் நாள், ஆடி 19

காலையில் அம்மாவின் தலையணை உறையைப் பார்த்து எனக்கு நெஞ்சு திக்கென்றது. கயிற்றின் ஈர மஞ்சள் ராத்திரி முழுக்க வெள்ளை உறையில் இறங்கியிருந்தது. ஷீட்டிலும் கை அகலத்துக்கு ஒரு கறை. எங்கள் இடத்தில் மஞ்சள் கறை பட்ட ஷீட்டை அநேகமாகக் கழித்துவிடுவோம், விருந்தினர் கணக்கில் ஏற்றுவதும் உண்டு. அவசரமாகக் குளியலறையில் சோப்புப் போட்டேன். சோப்பு பட்டதும் மஞ்சள் செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டது. தொழில் தெரிந்தவள் பதற்றத்தில் செய்த தப்பு. அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் நின்றேன், பணம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் வாங்கிக் கிணற்றடியில் இரண்டு தரம் அலசினார். சிவப்பு போய்த் திரும்ப மஞ்சளானது. கொல்லைக் கொடியில், கறை படிந்த பக்கம் கிழக்கே பார்க்க விரித்துக் கிளிப் போட்டார். "பெருக்குக்கு மறுநாள் எல்லா ரூம்லயும் இதேதான். வெயில் எடுத்துடும், பாருங்க."

எடுத்துவிட்டது. மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது, சமையலறைத் துணியில் நானே எத்தனையோ தடவை பார்த்த விஷயம். ஆனால் இருபது மெஷின் ஓடுகிற நிலவறையில் வேலை செய்கிறவளுக்கு வெயில் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒன்பது மணிக்கு எலுமிச்சை நிறம். பதினொன்றுக்கு உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு மணிக்கு நானே தேட வேண்டியிருந்தது. ஷீட்டின் இரண்டு முனையை அவரும் இரண்டு முனையை நானும் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, நெருங்கி வந்து முனையைக் கொடுத்து வாங்கினோம். எந்த ஊரிலும் ஷீட் மடிக்க இரண்டு பேர் ஒரே மாதிரித்தான் நடக்கிறார்கள். மூலை மடிப்பு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்போதுதான் கேட்டேன். கும்பகோணம் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஆயாவாக இருந்தாராம், அங்கே ஒரு நர்ஸம்மா.

ராத்திரி ரயில். கிளம்பும்போது திண்ணையில் பில்லை முடித்தேன். அம்மா சுருக்குப்பையைத் திறந்து நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டை உரிமையாளரிடம் நீட்டினாள்.

"என்னம்மா, டிப்ஸெல்லாம் நான் குடுத்துட்டேன்" என்றேன்.

"அது இல்லடி. அடுத்த ஆடிக்கு." அவரைப் பார்த்து, "அந்தப் பலகை போட்ட ரூமே வேணும் தம்பி" என்றாள்.

அவர் சிரித்து மறுக்கப் பார்த்தார். அவள் கையை இறக்கவில்லை. உள்ளே போய் நீள நோட்டை எடுத்துவந்தார். அடுத்த வருஷத்துக்கு இன்னும் பக்கம் தொடங்கவில்லை. புதுப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முதல் வரியில் அம்மா பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆடி 16, வெந்நீர்' என்று எழுதினார்.